நரம்பு வலி: அறுவைக்கு முன்னால் ஓர் அரை மணி நேரம்

சென்னையில் நரம்பு வலிக்கு வைத்தியம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. மயிலாப்பூர் லஸ் முனையில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஸ்கேன் மையமோ எலும்பு மருத்துவமனையோ பிசியோதெரபி பலகையோ கண்ணில் படும். தி.நகர் உள்தெருக்களிலும் அடையாறு சிக்னலைச் சுற்றியும் இதே நிலைதான். ஆனாலும், ஆண்டுக்கணக்கில் கால் எரிச்சலோடும் கை மதமதப்போடும் வாழ்கிறவர்கள் எம்.ஆர்.ஐ. படத்தைப் பெரிய உறையில் சுமந்துகொண்டு ஒரு மருத்துவரிடமிருந்து இன்னொரு மருத்துவருக்கு நடந்தபடியே இருக்கிறார்கள். ‘ஆபரேஷன் செய்தால்தான் தீரும்’ என்கிறார் ஒருவர். ‘முதுகில் கத்தியே வைக்கக் கூடாது’ என்கிறார் அடுத்தவர். மூன்றாமவர் மாத்திரையை எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து வரச் சொல்கிறார்.

மூவரும் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். ஆனால், அறுவையா மருந்தா என்பது இரண்டாவது கேள்வி. எந்த நரம்பு, எதனால் வலிக்கிறது என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை காண, மருத்துவர் ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்க வேண்டும். பஞ்சாலும் ஊசி முனையாலும் அதிர்வுக் கவையாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். நம் மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை அறுவைக்குப் பணம் தருகின்றன. அந்த அரை மணி நேரத்துக்குத் தருவதில்லை. தீராத நரம்பு வலிக்காரர்களின் அலைச்சலுக்கு முதல் காரணம் இதுதான்.

எது நரம்பு வலி?

அடிபட்டால், வீங்கினால் வரும் வலி ஓர் எச்சரிக்கை. நரம்பு வலி அப்படியல்ல. எச்சரிக்கையைக் கொண்டுசெல்லும் நரம்பே பழுதாவதால் வருவது. வாசலில் யாரும் இல்லாமலே, கம்பி பழுதானதால் அழைப்பு மணி ஓயாமல் அடிப்பதைப் போன்றது அது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்று மருத்துவம் வரையறுக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலில் அதற்குத் தனி இடமே உண்டு. அதாவது, இது இன்னொரு நோயின் வெறும் அறிகுறி மட்டுமல்ல. தனியாகக் கவனிக்க வேண்டிய நோய்.

இதை அடையாளம் காண நோயாளியின் பேச்சே பெரிதும் உதவும். ‘மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரியுது’, ‘கரண்ட் அடிச்ச மாதிரி சுரீர்னு இழுக்குது’, ‘எறும்பு ஊருது’, ‘போர்வை பட்டாலே தாங்க முடியலை’, ‘மரத்துக் கிடக்கு, ஆனா வலிக்குது’ என்று நம் வீடுகளில் சொல்லப்படுபவை வெறும் புலம்பல் அல்ல. எரிச்சல், மின்னதிர்ச்சி, ஊசி குத்தல், மரத்துப்போதல் ஆகியவற்றையே கேள்விகளாக்கி, பத்து மதிப்பெண்ணுக்கு நான்கு வந்தால் நரம்பு வலியாக இருக்கலாம் என்று கணிக்கும் எளிய வினாப்பட்டியல் 2005 முதல் பல நாடுகளில் பயன்பாட்டில் உள்ளது. இதற்குக் கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். கேட்பதற்கு ஒருவர் இருந்தால் போதும்.

கேட்காவிட்டால் என்ன ஆகும்? மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவார்கள். வீக்கத்தைத் தணிக்கும் அந்த வகை மாத்திரைகள் நரம்பு வலியில் பெரிதாக உதவுவதில்லை. ஏற்கெனவே சர்க்கரை நோயால் தளர்ந்திருக்கும் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். வலியும் போகாது, இன்னொரு நோயும் சேரும்.

கத்தி வெல்லும் இடங்கள்

ஏதோ ஒன்று நரம்பை அழுத்துகிறது என்றால், அந்த அழுத்தத்தை நீக்கும் அறுவைக்கு இணையான மருந்து பல நேரங்களில் இல்லை. முகத்தைத் தாக்கும் முக்கிளை நரம்பு வலி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. கன்னத்தில் துண்டு பட்டாலும், பல் துலக்கினாலும், மின்சார ரயிலின் ஜன்னலோரக் காற்று வீசினாலும் மின்னல் வெட்டுவதுபோல வலி பாயும். சோற்றைப் பிசைந்து கையில் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்கப் பயந்து உட்கார்ந்திருக்கும் நோயாளிகளை நரம்பியல் மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். இவர்களில் பலர் அதைப் பல்வலி என்று எண்ணி, நல்ல பற்களையே பிடுங்கிக்கொண்ட பிறகுதான் சரியான மருத்துவரிடம் வருகிறார்கள்.

இந்த வலிக்கு முதல் மருந்து கார்பமாஸிபைன். பெரும்பாலோருக்குத் தொடக்கத்தில் நன்றாகவே கேட்கும். ஆனால், குறிப்பிட்ட ஒரு மரபணுக் கூறு உள்ள ஆசியர்களுக்கு, இந்தியர் உட்பட, இது உடல் முழுவதும் தோலை உரிக்கும் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் தடிப்போ வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வந்தால் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். மருந்து பலிக்காமல் போனாலோ, அதன் மயக்கத்தைத் தாங்க முடியாவிட்டாலோ அறுவைக்கு இடம் உண்டு. மூளைத்தண்டுக்கு அருகே அந்த நரம்பின்மீது சாய்ந்து துடிக்கும் ரத்தக்குழாயை விலக்கி, இடையில் சிறிய பஞ்சுத்திண்டு வைக்கும் அறுவையை 1960களில் அமெரிக்க மருத்துவர் பீட்டர் ஜானெட்டா வளர்த்தெடுத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1996இல் வெளியான ஆய்வில், பத்தாண்டுகளுக்குப் பிறகும் சுமார் 70 சதவீதத்தினர் வலியின்றி இருந்தனர். தலையைத் திறக்க உடல்நிலை இடம் தராத முதியவர்களுக்கு, கன்னத்தின் வழியே ஊசி செலுத்தி நரம்பின் வேரைச் சூடாக்குவது, சிறு பலூனால் அழுத்துவது, காமா கதிர்களைக் குவிப்பது என்று வேறு வழிகள் உள்ளன. இவற்றில் முகம் ஓரளவு மரத்துப்போகக்கூடும் என்பதையும், சில ஆண்டுகளில் வலி திரும்பக்கூடும் என்பதையும் நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது மணிக்கட்டு. தி.நகரில் ரவிக்கை தைத்துத் தரும் பெண்கள், நாள் முழுக்கக் கணினித் தட்டச்சில் இருப்பவர்கள், பெரிய சமையல்களில் காய் நறுக்குபவர்கள் என்று பலர் நடு இரவில் கை மரத்து விழித்துக்கொள்கிறார்கள். கையை உதறினால் கொஞ்சம் தேவலை என்பார்கள். கட்டைவிரலிலிருந்து மோதிர விரலின் பாதி வரை மதமதப்பு இருக்கும்; சுண்டுவிரல் தப்பித்திருக்கும். இந்த ஒரு குறிப்பே போதும், பிரச்சினை கழுத்திலா மணிக்கட்டிலா என்று சந்தேகிக்க. தைராய்டு, சர்க்கரை, கர்ப்பம் ஆகியவற்றிலும் இது வரும். இரவில் மணிக்கட்டுப் பட்டை அணிவதும் ஒரு ஸ்டீராய்டு ஊசியும் பலருக்குப் போதும். அதற்கும் அடங்காமல் கட்டைவிரலின் அடிமேடு வற்றத் தொடங்கினால் தள்ளிப்போடவே கூடாது. கையை மட்டும் மரக்கச் செய்து, சில நிமிடங்களில் முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பும் சிறு அறுவை அது. தசை வற்றிய பிறகு செய்தால் வலி குறையலாம். இழந்த பிடிமானம் முழுதாகத் திரும்பாது.

இருசக்கர வாகன விபத்தில் தோள்பட்டை நரம்புக் கற்றை அறுபடுவது மூன்றாவது. கை தொங்கிப்போகும், உணர்வற்ற கையில் நெருப்பு வைத்ததுபோன்ற வலியும் இருக்கும். பாதிக்கப்படுபவர்களில் பெரும்பாலானோர் இளைஞர்கள். நரம்பை ஒட்டுவதோ பக்கத்து நரம்பை மாற்றி இணைப்பதோ ஏறக்குறைய ஆறு மாதங்களுக்குள் நடந்தால்தான் தசை உயிர்பிழைக்கும். ‘பிசியோ செய்யலாம், பார்க்கலாம்’ என்று ஓர் ஆண்டைக் கழித்துவிட்டு வருபவர்களிடம் எந்த நிபுணரும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அறுவை வேண்டாம் என்று சொல்வதும் சில நேரம் தவறான மருத்துவமே.

அவசரம் வேண்டாத முதுகு

நம் ஊரில் அதிகமாகக் கத்தியை எட்டுவதும் அதிகமாகக் கத்திக்கு அஞ்சுவதும் முதுகுதான். ‘டிஸ்க் விலகிடுச்சு’ என்ற சொல்லைக் கேட்டதும் வீடே கலங்கிவிடுகிறது. வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. இருபது வயதினரில் 30 சதவீதத்தினருக்கும் எண்பது வயதினரில் 84 சதவீதத்தினருக்கும் வட்டு புடைத்திருந்தது. அவர்கள் யாருக்கும் வலி இல்லை! ஆகவே, எம்.ஆர்.ஐ.யில் தெரிகிற புடைப்பும் காலில் இறங்குகிற வலியும் ஒரே நரம்பைச் சுட்டுகின்றனவா என்று பொருத்திப் பார்க்காமல் படத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பது ஆபத்து.

வட்டு அழுத்துவதால் காலில் இறங்கும் சயாட்டிகா வலி, பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் தானே தணிகிறது. நெதர்லாந்தில் ஒன்றரை மாதத்துக்கு மேல் கடும் சயாட்டிகா நீடித்த 283 பேரை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2007இல் வெளியானது. உடனே அறுவை செய்துகொண்டவர்களின் வலி விரைவில் குறைந்தது. காத்திருந்தவர்களில் 39 சதவீதத்தினர் பின்னர் அறுவைக்குப் போனார்கள். ஆனால், ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 சதவீதத்தினர் நலம் பெற்றதாகக் கூறினர். இதன் பொருள், அறுவை வீண் என்பதல்ல. வேலைக்குச் சீக்கிரம் திரும்பியாக வேண்டிய ஓட்டுநர் ஒருவர் அறுவையைத் தேர்ந்தெடுக்கலாம். பொறுக்க முடிகிற ஓய்வூதியர் காத்திருக்கலாம். இருவர் முடிவும் சரியே. ஆனால், அந்தத் தேர்வு தனக்கு உண்டு என்பதே தெரியாமல் அறுவை அரங்குக்குள் போகிறவர்கள் இருப்பது சரியல்ல.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, மலம் கட்டுப்பாடின்றிப் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதம் தொங்கிச் செருப்பு நழுவுவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மணிக்கணக்கில் தாமதமானாலும் வாழ்நாள் முழுக்கப் பாதிப்பு தங்கிவிடலாம்.

கத்தி எட்டாத வலிகள்

அழுத்தம் எதுவுமின்றி நரம்பே நலிந்திருக்கிறது என்றால், அறுப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. சென்னையில் நரம்பு வலிக்காரர்களில் மிகப் பலர் இந்த வகையினர். காரணம் சர்க்கரை நோய். சென்னை மக்களிடையே சென்னை மருத்துவர்களே நடத்திய ‘க்யூர்ஸ்’ ஆய்வு, இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளில் 26 சதவீதத்தினருக்கு நரம்புப் பாதிப்பு இருப்பதைக் கண்டது. தமிழ்நாட்டில் நூறு பெரியவர்களில் பதினான்கு பேருக்குச் சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எத்தனை லட்சம் கால்கள் என்பது புரியும்.

இதில் எரியும் காலைவிட எரியாத கால் கொடியது. நண்பகலில் கபாலீசுவரர் கோயில் பிராகாரத்தில் வெறுங்காலோடு வலம் வருகிறவர்களைக் கவனியுங்கள். கல் சுட்டவுடன் பெரும்பாலோர் நிழலுக்குத் துள்ளி ஓடுவார்கள். ஒன்றிரண்டு பெரியவர்கள் நிதானமாக நடந்துகொண்டிருப்பார்கள். பக்தி காரணமாக இருக்கலாம். பாதம் மரத்துப்போனதும் காரணமாக இருக்கலாம். மாலையில் காலைக் கழுவும்போது கொப்புளம் தெரியும்; சில வாரங்களில் அது புண்ணாகும்; சிலருக்கு விரலையோ காலையோ எடுப்பதில் போய் முடியும். மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துத் தோலை வேகவைத்துக்கொள்பவர்களும் நம்மிடையே உண்டு.

வலி இல்லாமையின் ஆபத்தை உலகுக்குச் சொன்னதில் தமிழ்நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தேய்வது நோயால் அழுகி அல்ல, வலி தெரியாமல் அடிபட்டு அடிபட்டுத்தான் என்று கண்டார். பிற்காலத்தில் அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைக் காப்பாற்ற அந்தப் பாடத்தையே பயன்படுத்தினார். இன்று சர்க்கரை நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கப்படும் எம்.சி.ஆர். செருப்பு, தொழுநோய்ப் பணியிலிருந்து வந்ததுதான்.

இரண்டாவது, அக்கி. கொப்புளம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் அந்த இடம் எரிந்துகொண்டிருக்கும். முதியவர்களுக்குச் சட்டை உரசினாலே தாங்காது. குயவர் வீட்டுக்குப் போய்க் காவியைக் குழைத்து அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் சென்னையிலும் இருக்கிறது. அதில் ஆறுதல் பெறுபவர்களிடம் சண்டை போட வேண்டியதில்லை. ஆனால், அதே நாளில் மருத்துவரையும் பார்த்துவிட வேண்டும். கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கினால் அக்கியின் வேகம் தணியும். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கான தடுப்பூசி 2023இல் இந்தியாவுக்கு வந்தது. இரண்டு தவணை. பெரும் ஆய்வுகளில் 90 சதவீதத்துக்கும் மேல் அக்கியைத் தடுத்தது. ஆனால், அதன் விலை நடுத்தரக் குடும்பத்துக்கே சுமை.

மூன்றாவது, புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் வருவது. 1954இல் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் உருவான அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் வாசலில், உயிர் மீண்டு வீடு திரும்புகிறவர்களைக் காணலாம். பேக்ளிடாக்செல், சிஸ்பிளாட்டின், வின்கிறிஸ்டின் போன்ற மருந்துகள் உயிரைக் காக்கும் வழியில் விரல் நுனி நரம்புகளை நோகடித்துவிடுகின்றன. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, குளிர்ந்த எவர்சில்வர் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை என்பவர்களிடம், உயிர் தப்பியதே பெரிது என்று சொல்லி அனுப்பிவிடக் கூடாது. டுலாக்ஸெடின் என்ற மருந்து அவர்களில் ஒரு பகுதியினருக்கு உதவும்.

நான்காவது, எளிதில் சரிசெய்யக்கூடியது: பி12 வைட்டமின் குறைபாடு. சைவ உணவுக்காரர்களுக்கும், மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிடுபவர்களுக்கும் இது வரும். சைவ உணவும் சர்க்கரையும் சேர்ந்த மயிலாப்பூர் முதியவர்களில் எத்தனை பேருக்கு இந்த ரத்தப் பரிசோதனை செய்யப்பட்டிருக்கிறது? குறைபாடு உள்ளவருக்கு ஊசி அவசியம். குறைபாடே இல்லாதவருக்கு மாதக்கணக்கில் ‘நரம்பு ஊசி’ போடுவதில் பயன் இல்லை. அத்தகைய கலவைகளில் உள்ள பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

மாத்திரையின் நியாயம்

நரம்பு வலிக்கென உள்ள மருந்துகள் சிலவே. அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெடின், கபாபென்டின், பிரிகாபலின் ஆகியவையே முதல் வரிசை. இவற்றின் ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2015இல் வெளியான மதிப்பீட்டின்படி, அமிட்ரிப்டிலின் வகையை நான்கு பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு வலி பாதியாகக் குறைகிறது. பிரிகாபலினில் ஏறக்குறைய எட்டுப் பேருக்கு ஒருவர். நம் மருந்துச் சீட்டுகளிலோ பிரிகாபலினும் மெத்தில்கோபாலமினும் சேர்ந்த கூட்டு மாத்திரையே ஆட்சி செய்கிறது. காலுக்கு இறங்கும் சயாட்டிகா வலியில் பிரிகாபலின் வெற்று மாத்திரையைவிட மேலானதல்ல என்று ஆஸ்திரேலியாவில் 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. தலைச்சுற்றல் மட்டும் அதிகமாக இருந்தது. தலைச்சுற்றலில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறியும் முதியவருக்கு இது சிறிய விஷயமல்ல.

அமிட்ரிப்டிலின் மலிவானது, பழையது. இதய நோய், கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கு எச்சரிக்கையோடுதான் தர வேண்டும். இன்னொரு தடையும் இருக்கிறது. பெயரைக் கைபேசியில் தேடிப் பார்த்து, ‘மனநோய் மருந்தை எனக்குக் கொடுத்துவிட்டார்’ என்று கோபித்து நிறுத்திவிடுபவர்கள் ஏராளம். மூளையிலிருந்து கீழிறங்கி வலியை அடக்கும் பாதையை இது வலுப்படுத்துகிறது, மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் குறைந்த அளவே இங்கு போதும், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்று மூன்று வாக்கியங்கள் சொல்லியிருந்தால் அந்த நோயாளி தொடர்ந்திருப்பார். அந்த மூன்று வாக்கியங்களுக்குக்கூட நேரமில்லாத புறநோயாளிப் பிரிவுகளைத்தான் நாம் கட்டிவைத்திருக்கிறோம்.

கருவிகளும் ஒரு கண்ணாடியும்

1965இல் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் தண்டுவடத்தில் வலிக்கு ஒரு கதவு உண்டு, அதைத் திறக்கவும் மூடவும் முடியும் என்று முன்வைத்தார்கள். இரண்டே ஆண்டுகளில், தண்டுவடத்தில் மின்முனை பதித்து வலியைத் தணிக்கும் முயற்சி அமெரிக்காவில் தொடங்கியது. இன்று அந்தக் கருவி சென்னை மருத்துவமனைகளிலும் பொருத்தப்படுகிறது. செலவு பல லட்சம் ரூபாய். மருந்துக்கு அடங்காத சர்க்கரை நோய்க் கால் வலிக்கு 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால், முதுகுவலிக்கு இதன் நீண்டகாலப் பயன் உறுதியாகவில்லை என்று 2023இல் வெளியான காக்ரேன் மதிப்பீடு சொல்கிறது. ஆகவே, யாருக்கு, எந்த வலிக்கு என்று தேர்ந்தெடுத்துத்தான் இதைப் பொருத்த வேண்டும். முதலில் சில நாள் தற்காலிகமாக வைத்துப் பார்த்து, பலன் இருந்தால் மட்டுமே நிரந்தரமாகப் பொருத்துவதே முறை.

எதிர்முனையில் இருக்கிறது, விலையே இல்லாத ஒரு கருவி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் ஆய்வாளர் வி.எஸ்.ராமச்சந்திரன், வெட்டியெடுக்கப்பட்ட கையில் தொடரும் வலிக்கு 1990களில் ஒரு சாதாரண முகக்கண்ணாடியைப் பயன்படுத்தினார். இருக்கும் கையின் பிம்பம், இல்லாத கையின் இடத்தில் தெரிய, மூளை இறுகப் பிடித்திருந்த வலியைத் தளர்த்தியது. எல்லாருக்கும் இது பலிப்பதில்லை. ஆனாலும் செய்து பார்ப்பதில் இழப்பு ஏதுமில்லை. செயற்கைக் கால் பொருத்திக்கொள்ள கே.கே.நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்துக்கு வருகிறவர்களுக்கும், நீரிழிவால் காலை இழந்து வீட்டில் இருப்பவர்களுக்கும் இந்தப் பயிற்சி கைவசம் இருக்க வேண்டும். பிசியோதெரபி, தூக்கத்தைச் சீராக்குதல், வலியைப் பற்றிய அச்சத்தைக் குறைக்கும் உளவியல் பயிற்சி ஆகியவையும் அப்படியே. இவற்றைத் துணை வைத்தியம் என்று ஒதுக்கக் கூடாது. நாள்பட்ட வலியில் மருந்துக்குச் சமமான பங்கு இவற்றுக்கு உண்டு.

பணம் போகும் பாதை

2009இல் தொடங்கி இன்று முதலமைச்சரின் பெயரில் நடக்கும் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஏழைக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தருகிறது. பெரிய சாதனை அது. ஆனால் அதுவும், தனியார் காப்பீடுகளும் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைகளுக்கானவை. முதுகு அறுவைக்குக் காப்பீடு உண்டு. அதைத் தவிர்க்க உதவும் பத்து வார பிசியோதெரபிக்குக் கைக்காசுதான். நரம்பு மின்னோட்டப் பரிசோதனை, மாதாந்திர மாத்திரை, நீண்ட ஆலோசனை எல்லாமே கைக்காசு. இப்படி இருந்தால் நோயாளியும் மருத்துவமனையும் எந்தப் பக்கம் சாய்வார்கள்? யாரும் தீய எண்ணம் கொள்ள வேண்டியதில்லை. பணத்தின் பாதையே முடிவைச் சாய்த்துவிடும்.

இதற்கு மாற்று என்ன என்று தேடி வெளிநாடு போக வேண்டாம், அடையாறிலேயே இருக்கிறது. 1958இல் மருத்துவர் கே.எஸ்.சஞ்சீவி தொடங்கிய தன்னார்வ சுகாதாரப் பணி அமைப்பு, நம் எல்லாருக்கும் தெரிந்த வி.எச்.எஸ்., ஒரு மருத்துவ உதவித் திட்டத்தை நடத்தியது. குடும்பம் தன் வருமானத்துக்கேற்பச் சந்தா கட்டும். ஆண்டுதோறும் பரிசோதனை நடக்கும். நோய் முற்றும் முன்னே கவனிக்கப்படும். நோய் வந்த பின் படுக்கைக்குப் பணம் தருவதைவிட, வரும் முன்னே ஆளைப் பார்க்கப் பணம் தருவதே அறிவுடைமை என்று அவர் நம்பினார். 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைத் துறையை உருவாக்கிய பி.ராமமூர்த்தி, பிற்காலத்தில் அதே வி.எச்.எஸ். வளாகத்தில் ஒரு நரம்பியல் அறுவை மையத்தை வளர்த்தார். தேர்ந்த அறுவையும் முன்கூட்டிய பராமரிப்பும் ஒரே வளாகத்தில் இருந்த நகரம் இது. பின்னர் அறுவையை மட்டும் பெரிதாக வளர்த்துக்கொண்டோம்.

செய்ய வேண்டியவை

அரசு செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளன. ராயப்பேட்டை, ஓமந்தூரார், கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை ஆகியவற்றில் வாரம் ஒரு நாளாவது நரம்பியல் மருத்துவர், நரம்பியல் அறுவை நிபுணர், மயக்கவியல் மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் நால்வரும் ஒரே அறையில் உட்கார்ந்து நாள்பட்ட வலிக்காரர்களைப் பார்க்க வேண்டும். 2024இல் கிண்டியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மையம் இதற்குப் பொருத்தமான இடம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி ஏற்கெனவே வீடு தேடிப் போகிறது. சர்க்கரை மாத்திரை கொடுக்கப் போகும் பணியாளர், நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒரு முறை பார்க்கும் சோதனையையும் சேர்க்கலாம். மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 பரிசோதனையும், ஏழை முதியவர்களுக்கு அக்கித் தடுப்பூசியும் படிப்படியாக வர வேண்டும்.

நோயாளிகள் தங்கள் பங்குக்கு நான்கு கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும். என் வலிக்குக் காரணமான நரம்பு எது? அதை ஏதாவது அழுத்துகிறதா, அல்லது நரம்பே நலிந்திருக்கிறதா? இப்போது அறுவை செய்யாமல் மூன்று மாதம் பொறுத்தால் எதை இழப்பேன்? அறுவைக்குப் பிறகும் வலி தொடர வாய்ப்பு எவ்வளவு? இந்தக் கேள்விகளால் நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார். அவசரமில்லாத முதுகு அறுவைக்கும் பல லட்சம் விலையுள்ள கருவிக்கும் முன் இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்பது அவநம்பிக்கை அல்ல, நோயாளியின் உரிமை.

காப்பீட்டுத் திட்டத்தின் சிகிச்சைப் பட்டியல் அடுத்த முறை திருத்தப்படும்போது, நாள்பட்ட வலிக்கான நீண்ட ஆலோசனை, நரம்பு மின்னோட்டப் பரிசோதனை, பத்து வார பிசியோதெரபி ஆகிய மூன்றும் அதில் இடம்பெற வேண்டும். ஓர் அறுவைக்கு ஆகும் செலவில் இவற்றைப் பலருக்குத் தர முடியும். அறுவை உண்மையிலேயே தேவைப்படுபவர் உரிய நேரத்தில் அரங்கை எட்டுவதற்கும், தேவைப்படாதவர் அதிலிருந்து தப்புவதற்கும் அந்த மூன்று வரிகள் வழிசெய்யும்.